மிச்சக் காந்தம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களிடம் ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க மோட்டாரும் ஜெனரேட்டரும் பழுது பார்த்தவன் நான். அதில் நான் செய்த மிக மோசமான வேலை இது. ஆனாலும் இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் கை பரபரக்கிறது. நேரில் சொன்னால் உட்கார்ந்து சொல்ல மாட்டேன், எழுந்து நின்றுவிடுவேன். எழுத்தில் அதற்கு வழியில்லை. நான் நின்றுகொண்டுதான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் என் பட்டறை. எனக்கு இருபத்தொன்பது வயது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி சுற்றுவது என் அன்றாடப் பிழைப்பு. ஜெனரேட்டர் வேலை எப்போதாவதுதான் வரும். அந்த வட்டாரத்தில் ஜெனரேட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அதில் நான் ஒருவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

ஜெனரேட்டர் மேல் எனக்கு ஒரு பைத்தியம் என்றே சொல்லலாம். ஒரு காந்தத்துக்குப் பக்கத்தில் செம்புக்கம்பிச் சுருளை வைத்தால் ஒன்றும் நடக்காது. நூறு வருடம் வைத்திருந்தாலும் நடக்காது. காந்தத்தைக் கொஞ்சம் அசையுங்கள்! அந்த நொடியில் கம்பிக்குள் மின்சாரம் பிறக்கிறது. காந்தம் கம்பியைத் தொடவில்லை, நடுவில் வெறும் காற்று. அசைவை நிறுத்தினால் மின்சாரமும் நின்றுவிடும். கம்பியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக மாறினால் அதிக வோல்ட், மெதுவாக மாறினால் குறைவு. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மீட்டரின் முள் துள்ளியதை முதல்முதலாகப் பார்த்த அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு உங்களுக்கு உடம்பு சிலிர்த்திருந்தால் இந்தத் தொழில் உங்களை விடாது.

இனி கதைக்கு வருகிறேன்.

கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே வெள்ளத்துரை அண்ணாச்சி என்ற விவசாயி தன் புஞ்சையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். எழுபது அடி போய்விட்டார்கள். கீழே பாறை. வெடி வைத்து உடைத்து, உடைந்த கல்லைக் கூடையில் போட்டு, கையால் சுற்றுகிற கிரேனில் மேலே ஏற்றுவார்கள். ஊறுகிற தண்ணீரை இறைத்தால்தான் அடியில் நின்று வேலை செய்ய முடியும். எழுபது அடி ஆழத்துத் தண்ணீரை மேலே நிற்கிற பம்பு உறிஞ்சாது. பம்பு உள்ளே இறங்க வேண்டும். டீசல் இஞ்சினை உள்ளே இறக்கினால் புகையில் ஆட்கள் மூச்சு முட்டிச் சாவார்கள். அதனால் கிணற்றுக்குள், அடியிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, பாறையில் ஒரு மேடை குடைந்து மின்சார மோட்டார் வைத்திருந்தார்கள். அந்தப் புஞ்சைக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை. மேலே தரையில் ஒரு டீசல் இஞ்சினும், அதோடு இணைத்த, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்த பழைய ஜெனரேட்டரும்தான் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தன.

அந்த ஜெனரேட்டரைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வகை ஜெனரேட்டரின் வால் பக்கத்தில் ஒரு குட்டி டைனமோ இருக்கும். அது பெற்றெடுக்கிற கரண்ட்தான் உள்ளே சுற்றுகிற பெரிய காந்தத்துக்கு உயிர் கொடுக்கும். குட்டி டைனமோவில், சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டு கரண்டை வாங்கித் தரும் கார்பன் கட்டை தேய்ந்து போயிருந்தது. மாற்றினேன். கழற்றிய கம்பிகளைத் திரும்ப மாட்டினேன். மூடியை முடுக்கினேன். வேலை முடிந்தது.

இஞ்சின் ஓட்டுகிற யாக்கோபு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும், நிதானமான ஆள்.

"ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமா அண்ணாச்சி? டீசல் ஊத்தித்தான் இருக்கு" என்றான்.

"என் கை பட்டா ஓடும்வே. மூணு மணி பஸ்ஸை விட்டா எனக்கு அடுத்தது அஞ்சரைக்குத்தான்" என்றேன்.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பட்டறை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளத்துரை அண்ணாச்சிதான். காலில் செருப்பில்லை. வேட்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

"ஏறும்வே வண்டியில!"

"என்ன அண்ணாச்சி?"

"இஞ்சின் ஓடுது, கரண்டு வரல. கீழ ஆள் கெடக்கான்வே! ஏறும்!"

கையில் கிடைத்த ஸ்பானரையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பட்டறையைக்கூடச் சாத்தவில்லை. வழியெல்லாம் அவர் கத்திக்கொண்டே வந்தார். காற்றில் பாதிதான் கேட்டது. நான் வந்துபோன பிறகு தண்ணீர் குறைவாகவே ஊறியதால் ஜெனரேட்டரைப் போடவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வெடி வைத்திருக்கிறார்கள். காலையில் அடியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. "நீங்க எறங்குங்க, அதுக்குள்ள மோட்டாரப் போட்டுருதோம்னு நான்தாம்வே சொன்னேன். நான்தான் சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். வெடியில் பிளந்து நின்ற ஒரு பலகைப் பாறை சரிந்து சுடலைமுத்து என்பவரின் இடது கால் மேல் விழுந்துவிட்டது. பாறை பெயர்ந்த இடத்தில் புது ஊற்று திறந்துகொண்டது. கிணறு வெட்டுகிறவன் வருடக்கணக்காகக் காத்திருக்கிற ஊற்று அது. அன்றைக்கு அது எமனாக வந்தது.

கிணற்றின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தேன். அடியில் சுடலைமுத்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். கலங்கிய தண்ணீர் நெஞ்சு வரைக்கும். ஒருவர் அவரைப் பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொருவர் தண்ணீருக்குள் கடப்பாரையைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தார். பாறை அசையவில்லை. கிரேன் தூக்குகிற எடை இல்லை அது. சம்மட்டியால் அடித்துத் துண்டாக்க வேண்டும். தண்ணீருக்குள் சம்மட்டி ஓங்க முடியுமா? தண்ணீர் இறங்கியாக வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்கு என் ஜெனரேட்டர் உயிர் பெற வேண்டும்.

கிரேனுக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். கல் சுமக்கிறவர்கள். அதில் ஒருத்தி மட்டும் அழாமல், கத்தாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சி, சுடலைமுத்துவின் மனைவி என்று யாரோ சொன்னார்கள்.

இஞ்சின் தடதடவென்று நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் சுற்றுகிறது. ஆனால் அதன் பலகையில் தொங்கிய பல்பு இருட்டாகக் கிடந்தது. வோல்ட் மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

எனக்கு உடனே ஒரு காரணம் தோன்றியது. குட்டி டைனமோவின் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும். நிறுத்திவைத்தாலும் போகாது. மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்போது அந்த மிச்சக் காந்தம்தான் கம்பியில் ஒரு துளி கரண்டை உண்டாக்கும். அந்தத் துளி சுற்றி வந்து காந்தத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். பெரிதான காந்தம் இன்னும் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போய் இரண்டு மூன்று நொடியில் முழு வோல்ட் வந்துவிடும். அந்த மிச்சம் செத்துப் போனால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வெறும் இரும்புதான் சுற்றும்.

"டிராக்டர் டிரெய்லர்ல குலுங்கி வந்த மிஷினுல்லா அண்ணாச்சி, காந்தம் செத்துட்டு. பேட்டரி கொண்டாங்க, உயிர் குடுத்துருவோம்!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தக் காரணம் பொய்யில்லை. அப்படி நடப்பதுண்டுதான். ஆனால் ஏன் அது எனக்கு முதலில் தோன்றியது? அதில் என் தப்பு எதுவும் இல்லை, அதனால்தான். பதற்றத்தில் மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் காரணத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டும். அதை எடுத்துக்கொள்ளலாம். அதிலேயே நின்றுவிடக் கூடாது.

டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு கம்பியைப் பிடித்து, டைனமோவின் இரும்பைக் காந்தமாக்குகிற காந்தச் சுருளில் தொட்டேன். படாரென்று ஒரு பெரிய பொறி. பல்பு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். கம்பியை எடுத்தேன். பல்பு அணைந்தது.

மறுபடி தொட்டேன். மறுபடி பொறி. இந்த முறை கட்டைவிரல் தோல் வெந்துவிட்டது. பல்பு ஒளிர்ந்தது. எடுத்தேன். அணைந்தது.

கீழேயிருந்து ஒரு குரல், கிணறு முழுக்க எதிரொலித்து மேலே வந்தது: "கழுத்துக்கு வந்துட்டு! ஏ மேல யாரு இருக்கீய! கழுத்துக்கு வந்துட்டு!"

வெள்ளத்துரை அண்ணாச்சி மோட்டார் சைக்கிளை மிதித்தார். "நான் சங்கரன்கோயிலுக்குப் போறேன். வேற ஜெனரேட்டரு கொண்டாறேன்."

ஆள் பிடித்து, வண்டி பிடித்து, ஏற்றிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அது அவருக்கும் தெரியும். ஆனால் ஏதாவது செய்யாமல் நிற்க அவரால் முடியவில்லை. எனக்கும் அதே நிலைமைதான். மூன்றாம் முறை தொடுவதற்குக் கம்பியைக் கையில் எடுத்தேன். எதற்காக? கை சும்மா இருக்கக் கூடாதே என்பதற்காக.

அப்போது பேச்சி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, பல்பு எரியத்தான செய்யுது. யாரோ ஊதி அணைக்க மாதிரில்லா அணையுது."

நான் அவளைப் பார்த்தேன்.

"தானா மங்கி அணையல அண்ணாச்சி. யாரோ ஊதுதாவ."

யாரோ ஊதுகிறார்கள். கை அப்படியே நின்றுவிட்டது. யார் ஊதுவது? பேட்டரி காந்தத்துக்கு உயிர் கொடுக்கிறது. சுற்றுகிற கம்பியில் கரண்ட் பிறக்கிறது. அந்தக் கரண்ட் காந்தச் சுருளுக்குத் திரும்பி வருகிறது. வந்து வளர்க்க வேண்டும். வளர்க்காமல், வந்த வேகத்தில் காந்தத்தைக் கொல்கிறது என்றால்? எதிர்த் திசையில் வருகிறது என்று அர்த்தம். அவ்வளவு பெரிய பொறி பறந்ததும் அதனால்தான். பேட்டரியும் டைனமோவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. மிச்சக் காந்தம் டிரெய்லர் குலுங்கியதில் சாகவில்லை. காலையில் இஞ்சினைப் போட்ட முதல் நிமிடத்தில் இந்த மிஷின் தானே தன் காந்தத்தைக் கொன்றிருக்கிறது.

கரண்ட் ஏன் எதிர்த் திசையில் வரும்? காந்தச் சுருளுக்குப் போகிற இரண்டு கம்பி இடம் மாறியிருந்தால் வரும். இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். மூன்று நாளைக்கு முன்னால் அவற்றைக் கழற்றியவன் யார்? அடையாளத்துக்கு ஒரு நூல்கூடக் கட்டாமல் திரும்ப மாட்டியவன் யார்?

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. ஒரு மகிழ்ச்சி! பிடித்துவிட்டேன் என்கிற வெறி. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வெட்கம் அதற்கு அடுத்த நொடியில் வந்தது. கம்பியை மாற்ற இஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்து என்றால் ஏன் என்று கேட்பார்கள். வாய்க்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது: கார்பன் சரியில்லை, கம்பெனிச் சரக்கு மோசம். மூன்று மூச்சு விடுகிற நேரம் அந்தப் பொய்யை நாக்கில் வைத்திருந்தேன்.

"யாக்கோபு! இஞ்சினை நிறுத்தும்!"

"என்னது?" அவனுக்கு நான் சொன்னது கேட்டது, நம்ப முடியவில்லை. "பழைய இஞ்சின் அண்ணாச்சி. நிறுத்துனா லேசுல திரும்ப ஸ்டார்ட் ஆவாது. நிறுத்த மாட்டேன்."

வெள்ளத்துரை அண்ணாச்சி வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஏவே, ஓடுத ஒண்ணையும் நிறுத்தவா சொல்லுதீரு?"

"கம்பிய மாத்திக் குடுத்துருக்கேன் அண்ணாச்சி. அன்னைக்கே நான்தான் மாத்திக் குடுத்துருக்கேன். தப்பு என்னோடது. நிறுத்துனாத்தான் சரி பண்ண முடியும்."

சட்டையைப் பிடித்த கை இறுகியது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னாலிருந்து பேச்சியின் குரல் வந்தது. அவ்வளவு பெரிய இஞ்சின் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது.

"நிறுத்துங்க. அவருதான் சொல்லுதாருல்லா, நிறுத்துங்க!"

யாக்கோபு என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து இஞ்சினை நிறுத்தினான்.

அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. இஞ்சின் சத்தம் போனதும், கிணற்றுக்குள் தண்ணீர் ஊற்றெடுக்கிற சத்தம் முதல்முறையாக எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

மூடியைத் திறந்தேன். கம்பிகளைப் பிடித்திருக்கிற இரண்டு மரையைக் கழற்ற வேண்டும். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது விரலிலிருந்து நழுவிச் சரளைக்குள் விழுந்தது. அதைத் தேடக் குனிந்தேன், உடனே நிமிர்ந்தேன். தேடுகிற நேரமா இது? மரை இல்லாமலே கம்பியை முனையில் சுற்றி பிளேயரால் முறுக்கினேன். இந்தக் கம்பி அங்கே, அந்தக் கம்பி இங்கே. எத்தனையோ ஆயிரம் சுற்றுக் கம்பி சுற்றியவன், அன்றைக்கு அந்த இரண்டு முனைகளை மூன்று தடவை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"சுத்துங்க!"

யாக்கோபு கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடி சுற்றினான். இருமியது. வெள்ளத்துரை அண்ணாச்சி வந்து அவனோடு சேர்ந்து பிடித்தார். பேச்சியும் பிடித்தாள். மூன்று பேருமாகச் சுற்றினார்கள். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு இஞ்சின் பிடித்தது! வேகம் ஏறும்வரைக்கும் காத்திருந்தேன். அதுவரை நான் எண்ணிய எண்களிலேயே நீளமானவை அந்த ஒன்று, இரண்டு, மூன்று. பேட்டரிக் கம்பியைத் தொட்டேன். சின்னப் பொறி. சின்னது! அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பல்பு சிவந்தது. கம்பியை எடுத்தேன்.

பல்பு அணையவில்லை.

சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் வெள்ளையானது. மீட்டரின் முள் எழுந்து, நூறைத் தாண்டி, இருநூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ கத்தினேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள்.

யாக்கோபு மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்தான். "இரும்!" என்றேன். கீழே மூன்று பேர் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். மோட்டாரின் எர்த் கம்பி சரியாக இல்லாமல் எங்காவது கசிந்தால் மூன்று பேரும் ஒரே நொடியில் போய்விடுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், மண்ணில் புதைத்த குழாய் வரைக்கும் பார்த்தேன். அங்கே பிடிப்பு தளர்ந்திருந்தது. முடுக்கினேன். "இன்னும் என்னவே பாக்கீரு!" என்று பின்னால் கத்திக்கொண்டே இருந்தார்கள். அரை நிமிடம் ஆகியிருக்கும். மூன்று நாளைக்கு முன்னால் நான் கொடுக்காத அரை நிமிடம்.

"இப்பப் போடும்!"

கிணற்றுக்குள் மோட்டார் உறுமியது. குழாய் நடுங்கியது. வாயிலிருந்து முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தொடை பருமனுக்குச் செந்தண்ணீர் பாய்ந்து விழுந்தது. பேச்சி ஓடிப்போய் விளிம்பில் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். "எறங்குது! எறங்குது! ஏங்க, எறங்குது!" என்று கீழே பார்த்து அவள் கத்திய கத்து வாசுதேவநல்லூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஊற்று வேகமாகத்தான் வந்தது. மோட்டார் அதைவிட வேகமாக இறைத்தது. பாறை வெளியே தெரிந்ததும் மேலேயிருந்து இன்னும் நான்கு பேர் இறங்கிச் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்தார்கள். பாறை இரண்டாகப் பிளந்தது. சுடலைமுத்துவைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கட்டி, கிரேனில் மேலே ஏற்றினார்கள். கைப்பிடியைப் பேச்சி யாரிடமும் கொடுக்கவில்லை. கட்டில் மேலே வந்தபோது அவர் கண் திறந்திருந்தது. ஜீப் ஒன்றைப் பிடித்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

யாக்கோபு இஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் குந்தியிருந்தான். நானும் போய் உட்கார்ந்தேன்.

"நீரு காரணத்தச் சொல்லலன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன் அண்ணாச்சி. சண்டைதான் போட்டிருப்பேன்" என்றான். பிறகு, "ஓட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன். இன்னொருக்கா அழுத்திக் கேட்டிருக்கணும்" என்றான். அந்தத் தப்பிலும் பங்கு கேட்கிறான் பாருங்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கம்பியைக் கழற்றும்போது அடையாளம் கட்டுங்கள், வேலை முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள் என்று உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்தது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தப்பு செய்வீர்கள். அப்போது நீங்கள் தப்பு செய்துவிட்டு நிற்கிற இடத்தில், உங்கள் அளவுக்கு அந்த மிஷினைத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். உண்மை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஒவ்வொரு மூச்சும் இன்னொருவருடைய மூச்சு.

இதை நான் என் புத்தியில் தெரிந்துகொள்ளவில்லை. சுடலைமுத்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பேச்சி பட்டறைக்கு வந்தாள். "அவரு உங்களப் பாக்கணுங்காரு" என்றாள். அதுவரை போகாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். எந்த முகத்தோடு போவது? அன்றைக்கு அவளோடேயே பஸ் ஏறினேன். கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. பழம் வாங்கத் தோன்றவில்லை. பட்டறையில் கிடந்த ஒரு கம்பிச் சுருள், சைக்கிள் டைனமோவிலிருந்து எடுத்த காந்தம், சின்ன மீட்டர் ஒன்று, இவற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சுடலைமுத்து காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கையூன்றி எழுந்து சாய்ந்துகொண்டார்.

"வாரும். உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மிஷினு சும்மாதான சுத்துது. எண்ணெய் இஞ்சினுக்குப் போவுது, கரண்டு இங்கன வருது. எங்கேருந்து வருது?"

சுருளை மீட்டரோடு இணைத்துப் போர்வை மேல் வைத்தேன். காந்தத்தை அவர் கையில் கொடுத்தேன். "உள்ள விடுங்க" என்றேன். விட்டார். முள் ஒரு பக்கம் துள்ளியது. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார். முள் அடுத்த பக்கம் துள்ளியது.

"ஏ! தொடவே இல்லையேவே!"

"தொட வேண்டாம். அசைஞ்சாப் போதும்."

உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. வேகமாக ஆட்டினார், முள்ளும் வேகமாக ஆடியது. நிறுத்தினார், நின்றது. "செத்துட்டு" என்றார். ஆட்டினார். "பொழச்சுட்டு!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்தார்கள். நர்ஸம்மா என்ன கூட்டம் என்று வந்தவர், தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேச்சி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு நான் சொன்னேன். கம்பியை மாற்றி மாட்டியது நான்தான் என்று சொன்னேன். ஓட்டிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனதையும் சொன்னேன்.

"தெரியும். மேல நின்னு எல்லாரு முன்னாலயும் சொன்னீராமே, பேச்சி சொன்னா." காந்தத்தைக் கைக்குள் உருட்டினார். "மூணாவது தடவ பேட்டரிய வச்சிருந்தா எரிஞ்சிருக்குமா?"

"அணைஞ்சிருக்கும்."

"நாலாவது தடவ?"

"அதுவும் அணைஞ்சிருக்கும்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் மோவாயில் வைத்தார்.

"இஞ்சின் சத்தம் நின்னப்போ தண்ணி இங்கன நின்னுச்சு."

விரல் மெல்ல மேலே ஏறியது. வாயைத் தாண்டியது. மேலுதட்டையும் தாண்டி, மூக்குத் துவாரத்துக்குக் கீழே வந்து நின்றது.

"மோட்டாரு சத்தம் கேட்டப்போ இங்கன."